காணி விற்ற கம்பனி

கனடாவின் ஹட்சன் பே கடைகள் பூட்டி இவ்வளவு காலமாகியும் ஒரு விஷயம் எனக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. கடை போனதில் எனக்குக் கவலை உண்டு. ஆனால் என்னை அரித்துக்கொண்டிருப்பது, கடை ஏன் போனது என்று எல்லோரும் சொன்ன காரணம். 2025 மார்ச் 7ஆம் திகதி கம்பனி கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஜூன் 1ஆம் திகதி கடைசிக் கதவும் சாத்தப்பட்டது. இடைப்பட்ட அந்த வசந்தகாலம் முழுக்க வானொலியிலும் பத்திரிகையிலும் எங்கள் ஆட்களின் வாட்ஸப் குழுக்களிலும் ஒரே பேச்சு: சனம் இணையத்தில் வாங்கப் பழகிவிட்டது, கொரோனா மோல்களை வெறுமையாக்கிவிட்டது, அமேசனோடு மல்லுக்கட்ட முடியவில்லை, 355 வருடம் வாழ்ந்த வியாபாரம் காலத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விழுந்துவிட்டது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கம்பனியின் சரித்திரத்தைக் கொஞ்சமேனும் வாசித்த ஒருவருக்கு இது போதாத காரணம். மயிர்த்தோல் வாங்கியது அதன் முதல் தொழில். உடுப்பும் பாத்திரமும் வாசனைத் திரவியமும் விற்றது பிந்திய தொழில். இரண்டுக்கும் அடியில் வேறொரு வியாபாரம் ஆரம்பத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அது காணி வியாபாரம்.

கடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் ஆட்கள் பலருக்கு ஜக்கெற்றும் சப்பாத்தும் கொடுத்தது செலர்ஸ் கடை. 1978இல் ஹட்சன் பே வாங்கிய கடை அது. பே கடை கொஞ்சம் வசதி வந்த பிறகு போகிற இடம். அங்கே கண்ணாடி அலுமாரிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தக் கம்பளியைத் தொட்டுப் பார்க்காமல் வந்தவர்கள் குறைவு. வெண்ணெய் நிறத்தில் கனத்த ஆட்டுமயிர் நெசவு, குறுக்கே பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலம் என்று நான்கு பட்டைகள். ஒரு விளிம்போரமாகக் குட்டையான கறுப்புக் கோடுகள் சில தெரியும். அந்தக் கம்பளிக்கு எத்தனை பீவர் தோல், அதாவது ஆற்றோரம் வாழும் ஒரு மயிரடர்ந்த விலங்கின் தோல், கொடுக்க வேண்டும் என்பதை அந்தக் கோடுகள் காட்டுவதாகப் பலர் இன்றைக்கும் நம்புகிறார்கள். உண்மையில் அவை அளவுக் குறிகள்தான். மடித்து அடுக்கியிருக்கும்போதே எந்தக் கம்பளி எவ்வளவு பெரியது என்று கண்டுகொள்ள நெசவாளர் போட்ட அடையாளம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பனி இங்கிலாந்தின் விற்னி ஊர் நெசவாளர்களிடமிருந்து இவற்றைத் தவறாமல் எடுக்கத் தொடங்கியது. கடைசி மலிவு விற்பனைக்கு ரொறன்ரோவின் குயின் தெருக் கடைக்கு நானும் போனேன். முதலில் தீர்ந்துபோனது இந்தப் பட்டைக் கம்பளிதான். சட்டைகளும் சட்டிகளும் குவிந்து கிடக்க, கம்பளி இருந்த தட்டுகள் வெறுமையாக இருந்தன. சனம் எதை இழக்கப் பயப்பட்டது என்பது அங்கே தெரிந்தது. அந்தப் பாசம் உண்மையானது. அதன் அடியில் கிடக்கும் கணக்கும் உண்மையானது.

தொப்பிக்காகக் கிடைத்த நாடு

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மரியாதைப்பட்ட மனிதர் தொப்பி இல்லாமல் வெளியே இறங்க மாட்டார். நல்ல தொப்பி என்றால் அது பீவர் மயிரில் செய்ததாக இருக்க வேண்டும். பீவரின் தோலில் இரண்டு அடுக்கு மயிர் உண்டு. வெளியடுக்கு நீளமும் முரடும். உள்ளடுக்கு குட்டையும் மென்மையும்; அதன் ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கொக்கிகள். நனைத்துச் சூடேற்றி அழுத்தினால் இழைகள் ஒன்றையொன்று பற்றி இறுகி, மழைக்கு அசையாத தடித்த துணியாகிவிடும். முரட்டு மயிரை அகற்றுவதில்தான் பாடு. கனடாவின் பூர்வகுடிகளான கிரீ மக்கள் பீவர் தோல்களைச் சேர்த்துத் தைத்து, மயிர்ப் பக்கம் உடம்பில் படும்படி குளிர்காலம் முழுக்கப் போர்த்தியிருப்பார்கள். உடம்பின் எண்ணெயும் உரசலும் சேர்ந்து முரட்டு மயிர் தானாகவே உதிர்ந்துவிடும். அப்படி உடுத்துப் பழசாக்கிய அங்கிக்குத்தான் தொப்பிக்காரர் கூடின விலை கொடுத்தார்கள். ஒரு கிரீக் குடும்பம் குளிருக்குப் போர்த்திக் கழித்த உடுப்பு லண்டன் கனவான் ஒருவரின் தலையில் போய் உட்கார்ந்தது. இந்த வியாபாரத்தில் என் மனதை மிகவும் தொட்ட இடம் இது.

நல்ல தோல் வடக்கே ஹட்சன் குடாவின் பக்கம் கிடைக்கிறது என்பதைக் கண்டு சொன்னவர்கள் ரடிசனும் குரொசெய்யேயும். இரண்டு பேரும் பிரெஞ்சுக்காரர். கொண்டுவந்த தோலைச் சொந்த நாட்டு ஆளுநரே பறித்துத் தண்டமும் விதித்ததால் மனம் கசந்து இங்கிலாந்துப் பக்கம் போனார்கள். 1668இல் லண்டனிலிருந்து இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. ஒன்று புயலில் அடிபட்டுத் திரும்பிவிட்டது. மற்றது நொன்சச். ஜேம்ஸ் குடாவில் பனிக்காலத்தைக் கழித்து, தோலோடு 1669இல் வீடு வந்து சேர்ந்தது. கம்பனியின் 300ஆவது ஆண்டுக்காகச் செய்த அதன் நேர்ப் பிரதி வின்னிபெக்கில் மனிற்றோபா அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது. அதற்காகவே கட்டிய மண்டபம், பழைய ஆங்கிலத் துறைமுகம்போல. ஏறிப் பார்க்கலாம். நான் ஏறினேன். தாரும் கயிறும் கலந்த மணம் மூக்கில் ஏறுகிறது. மேல்தட்டில் நாலு எட்டு வைத்தால் மறுபக்கம் வந்துவிடுகிறது. கீழே போனால் குனிந்தபடிதான் நிற்க வேண்டும். இவ்வளவு சின்ன மரக்கலம் அந்தக் கடலைக் கடந்து போய் வந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் பெரிய வியப்பு. அந்த மாலுமிகளின் துணிவைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த ஒரு பயணத்தின் பலனாக எழுதப்பட்ட பத்திரத்தைப் பாருங்கள். 1670 மே 2ஆம் திகதி இரண்டாம் சார்ள்ஸ் அரசர் தன் உறவினரான இளவரசர் ரூபேர்ட்டுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் ஒரு சாசனம் கொடுத்தார். ஐந்து தோல் ஏடுகள். ஹட்சன் குடாவில் போய் விழும் ஆறுகள் எங்கெங்கே ஊற்றெடுக்கின்றனவோ அந்த நிலம் முழுவதும் இவர்களுடையது, வியாபாரமும் இவர்களுடையது, சட்டம் போடும் அதிகாரமும் இவர்களுடையது. அந்த ஆறுகள் எங்கே தொடங்குகின்றன என்று சாசனம் எழுதியவர்கள் ஒருவருக்கும் தெரியாது. பிறகு அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 39 இலட்சம் சதுர கிலோமீற்றர், இன்றைய கனடாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதற்கு வாடகை, அரசரோ அவர் வாரிசோ எப்போதாவது அந்த மண்ணுக்கு வந்தால் இரண்டு எல்க் மானும் இரண்டு கறுப்பு பீவரும். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணிக்கு எல்லை வைத்து வழக்காடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உறுதி எழுதுகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, விற்கிறவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்பது. இந்த உறுதியில் அந்தக் கேள்வியே இல்லை.

ஏமாளிகள் இல்லை

இந்தக் கதையைச் சொல்லும்போது பூர்வகுடிகளைக் கண்ணாடி மணிக்கு மயங்கிய அப்பாவிகளாக்கிவிடுவது ஒரு வழக்கம். அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்களும் அதைச் செய்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கோட்டைகளில் இருந்த கம்பனி அதிகாரிகள் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் விஷயம், அனுப்பிய சாமான் சரியில்லை என்று இவர்கள் வாங்க மறுக்கிறார்கள் என்பதுதான். துவக்குக் குழாய் குளிரில் வெடிக்கிறது, கேத்தல் பாரமாக இருக்கிறது, துணியின் நிறம் சரியில்லை. தெற்கே மொன்றியலிலிருந்து பிரெஞ்சு வியாபாரிகளும் வருவதால், ஓரிடத்தில் மரியாதை இல்லாவிட்டால் தோணியைத் திருப்பிக்கொண்டு மற்ற இடத்துக்குப் போய்விடுவார்கள். கணக்குக்கு அலகாக நின்றது பீவர்தான். நன்றாகப் பதமிட்ட ஒரு முழு பீவர் தோல் ஓர் அலகு. நரித்தோல் எத்தனை பீவர், துவக்கு எத்தனை பீவர், வெடிமருந்து எத்தனை பீவர் என்று எல்லாவற்றுக்கும் விலைப்பட்டியல் இருந்தது. பின்னாளில் அதற்குப் பித்தளை வில்லைகளும் அடித்தார்கள், ஒன்று, அரை, கால், அரைக்கால் என்று. வியாபாரம் தொடங்குமுன் புகைக்குழாய் சுற்றிவர வேண்டும், அன்பளிப்புகள் கைமாற வேண்டும். கம்பனி அந்த முறைக்கு அடங்கி நடந்தது. வேறு வழியும் அதற்கு இருக்கவில்லை. இறைச்சியும் பனிச்சப்பாத்தும் தோணியும் வழிகாட்டியும் அவர்களிடமிருந்து வராவிட்டால் கோட்டைக்காரருக்கு அடுத்த வசந்தம் கிடையாது.

ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட முடியாது. தனடெல்தூர், டெனே இனத்துப் பெண். கிரீக்காரரிடம் கைதியாக இருந்து தப்பி யோர்க் ஃபக்டரிக் கோட்டைக்கு வந்தவள். தன் மக்களுக்கும் கிரீக்காரருக்கும் நடுவில் இருந்த பகையைத் தீர்க்க 1715இல் ஒரு கூட்டத்தோடு உள்நாட்டுக்குப் புறப்பட்டாள். பசியும் நோயும் தாங்காமல் பலர் திரும்பிவிட, அவள் விடாமல் போய்த் தன் ஆட்களைக் கண்டுபிடித்துப் பேசிப் பேசியே சமாதானத்துக்குக் கூட்டிவந்தாள். 1717 பெப்ரவரியில் கோட்டையில் நோயில் இறந்தாள். கம்பனி வடமேற்கே விரிந்ததற்கு அவள் போட்ட பாதை ஒரு காரணம். கம்பனியின் பழைய சரித்திரத்தில் அவளுக்கு இருந்த பெயர் “அடிமைப் பெண்” என்பதுதான்.

சாசனம் சொன்ன அந்த நாட்டை இந்த 200 வருடத்தில் எவரும் கம்பனிக்கு விற்கவில்லை. கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் கோட்டை கட்ட விட்டார்கள், வியாபாரம் செய்தார்கள், பெண் கொடுத்தார்கள். அந்தக் கலப்பில் பிறந்த மேட்டி மக்கள் செவ்வாற்றுப் பக்கம் தனி இனமாகவே வளர்ந்தார்கள். லண்டனில் ஐந்து தோல் ஏடுகள் பெட்டிக்குள் இருந்தன. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரிய வேண்டிய தேவை வரவில்லை.

முதலாளி மாறிய வருடம்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொப்பிக்குப் பட்டு வந்துவிட்டது. பீவருக்கு மவுசு குறைந்தது. 1863இல் கம்பனியைச் சத்தமில்லாமல் புதிய கூட்டம் ஒன்று வாங்கியது. சர்வதேச நிதிச் சங்கம் என்று பெயர், விலை 15 இலட்சம் பவுண். அவர்களுக்குத் தோலில் ஆசை இல்லை. ரயில் வரப்போகிறது, குடியேற்றம் வரப்போகிறது, சமவெளியில் கோதுமை விளையும், காணி விலை ஏறும் என்பதுதான் கணக்கு. கம்பனியின் சரித்திரத்தில் திரும்புமுனை என்று பலரும் 1670ஐயோ, மொன்றியல் போட்டிக் கம்பனியோடு சேர்ந்த 1821ஐயோ சொல்வார்கள். எனக்கு 1863தான். அன்றைக்கு அது தோல் கம்பனியாக இருப்பது முடிந்தது. தோல் வியாபாரம் மேலே நடந்துகொண்டே இருந்தது, கீழே காணிக் கணக்கு ஓடத் தொடங்கியது.

ஆறே வருடத்தில் பேரம் படிந்தது. புதிதாகப் பிறந்த கனடாவுக்கு மேற்கே நிலம் வேண்டும். அதற்குச் சற்று முன்னர், 1867இல், அமெரிக்கா 72 இலட்சம் டொலருக்கு ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியிருந்தது. அடுத்தது சமவெளியாக இருக்கலாம் என்ற பயமும் ஒட்டாவாவுக்கு இருந்தது. கம்பனி தன் சாசன உரிமையைக் கைவிட்டது. கிடைத்தது மூன்று: 300,000 பவுண் காசு, கோட்டைகளைச் சுற்றிய காணி, வளமான சமவெளியில் இருபதில் ஒரு பங்கு. காசை மட்டும் பார்த்தால் ஒரு பவுணுக்கு ஏறக்குறைய 13 சதுர கிலோமீற்றர். கம்பனிக்காரர் சிலர் விலை குறைவென்று கோபப்பட்டார்கள். ஆனால் கெட்டித்தனம் மூன்றாவது நிபந்தனையில் இருந்தது. அந்த இருபதில் ஒரு பங்கு 70 இலட்சம் ஏக்கராக வந்து சேர்ந்தது. 1870 ஜூலை 15ஆம் திகதி நாடு கைமாறியது. அங்கே வாழ்ந்தவர்கள் எவரிடமும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அளவைக்காரர் சங்கிலியோடு வந்து தங்கள் வயலில் நின்றபோதுதான் மேட்டி மக்களுக்கு விஷயம் உறைத்தது. லூயி ரியேல் தலைமையில் அவர்கள் கம்பனியின் ஃபோர்ட் கெறி என்ற கோட்டையையே பிடித்துச் சொந்த அரசு அமைத்தார்கள். மனிற்றோபா மாகாணம் பிறந்தது அந்த எதிர்ப்பின் அழுத்தத்தில். ரியேலை 1885இல் தூக்கில் போட்டார்கள். மேட்டிப் பிள்ளைகளுக்குத் தருவதாகச் சட்டத்தில் எழுதிய காணியை அரசாங்கம் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல்.

அந்த 70 இலட்சம் ஏக்கரைக் கம்பனி அவசரப்படாமல் பல பத்து வருடங்களாக விற்றது. 1912 மே மாதம் எட்மன்ரனில் கோட்டைக்குப் பக்கத்துக் காணியை விற்றபோது இடம்பிடிக்க ஆட்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். எந்தெந்த வரிசையில் வாங்குவது என்று சீட்டுக் குலுக்க வேண்டி வந்தது. கல்கரியில் 1913இலும், வின்னிபெக்கில் 1926இலும், வன்கூவரிலும் விக்ரோரியாவிலும் எழும்பிய பெரிய பெரிய கடை மாளிகைகளுக்கு இந்தக் காணிக் காசு துணை நின்றது. விற்றபோதும் நிலத்துக்கு அடியில் உள்ள கனிம உரிமையைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதை வைத்து 1926இல் ஓர் எண்ணெய்க் கம்பனியும் தொடங்கியது.

என்னோடு வேலை செய்த தம்பி ஒருவர் ரொறன்ரோ வீட்டு விலைக்குத் தப்பி எட்மன்ரனுக்குக் குடிபோனார். இப்போது எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள். வீட்டு உறுதி கையில் வந்ததும் எடுத்த எடுப்பில் எனக்குப் போன் எடுத்தார். “அண்ணை, இதிலை எல்லாச் சுரங்கமும் கனிமமும் நீங்கலாக எண்டு போட்டிருக்கு. அப்ப மேல் மண் மட்டும்தான் என்ரையோ?” ஓம் என்று சொன்னேன். அல்பேர்ட்டாவில் பெரும்பாலான வீட்டு உறுதிகளில் இந்த வரி உண்டு. சில இடங்களில் அந்த உரிமை அரசாங்கத்திடம், சில இடங்களில் ரயில் கம்பனியிடம் இருந்து வந்தது, சில இடங்களில் ஹட்சன் பேயிடமிருந்து வந்தது. “ஆர் முதல் வித்தது?” என்று அடுத்ததாகக் கேட்டார். ஊரில் காணி வாங்குகிறவர்கள் கேட்கிற அதே கேள்வி. நாங்கள் இருவரும் அதைப் பற்றி வெகுநேரம் கதைத்தோம்.

கப்பெல் ஏரிக்கரை, 1874

அந்தக் கேள்வியை ஒருவர் நேருக்கு நேர் கேட்டிருக்கிறார். எழுத்திலும் பதிவாகியிருக்கிறது. எனக்கு இந்த முழுச் சரித்திரமும் அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

1874 செப்ரெம்பர். இன்றைய சஸ்காச்சுவானில் கப்பெல் ஏரிகளின் கரை. நாட்டை வாங்கிய கனடா அரசாங்கம் அங்கே வாழ்ந்த கிரீ, சோட்டோ மக்களோடு உடன்படிக்கை செய்ய வந்திருந்தது. ஆளுநர் அலெக்சாண்டர் மொறிஸ் தலைமையில் மூன்று ஆணையாளர்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்ரி, ஹட்சன் பேயில் வாழ்நாளெல்லாம் வேலை செய்து ஓய்வுபெற்ற அதிகாரி. பேச்சு நடத்தக் கூடாரம் அடித்திருந்தது கம்பனிக்கு ஒதுக்கிய காணியில். முதல் நாட்களில் பேச்சு நகரவே இல்லை. மொறிஸ் அரசியின் அன்பைப் பற்றிப் பேசுவார். எதிரே இருப்பவர்கள் எங்களுக்கு நடுவில் ஏதோ ஒன்று கிடக்கிறது, பேச முடியாமல் இருக்கிறது என்பார்கள். அது என்ன என்று கேட்டால் நேராகச் சொல்ல மாட்டார்கள். நாள் போனது. கடைசியில் கம்ப்ளர் என்று ஆங்கிலத்தில் பெயர் பதிவான சோட்டோத் தலைவர் வாய் திறந்தார். கம்பனிதான் அந்த ஒன்று. எங்களைக் கேட்காமல் எங்கள் காணியை அளந்து தடி நட்டிருக்கிறார்கள். கம்பனி எங்களிடம் திருடியிருக்கிறது. என்ன திருடியது என்று மொறிஸ் கேட்டார். மண், மரம், புல், கல், என் கண்ணுக்குத் தெரிகிற எல்லாம் என்று பதில் வந்தது.

பிறகு பாஸ்க்வா என்ற தலைவர் எழுந்தார். அங்கே நின்ற கம்பனி அதிகாரியை நோக்கிக் கையை நீட்டினார். உன் காணியை இவ்வளவு காசுக்கு, 300,000 பவுணுக்கு விற்றதாக நீயே என்னிடம் சொன்னாய். அந்தக் காசு எங்களுக்கு வேண்டும் என்றார்.

இதை முதல்முறை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். வேறு எவரும் அந்தப் பேரத்தை இவ்வளவு சரியாகப் புரிந்து பேசியதாக எனக்குத் தெரியவில்லை. விலை அவருக்குத் தெரிந்திருக்கிறது. விற்றவர் யார், வாங்கியவர் யார், காசு எங்கே போனது என்பது தெரிந்திருக்கிறது. ஆத்திரப்பட்டுப் போரை இழுக்கவில்லை. சொத்துக்காரர் தன் சொத்தை வேறொருவர் விற்றால் எதைக் கேட்பாரோ அதைக் கேட்டார். மொறிசிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. நாங்கள் பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்னர் அரசர் ஒருவர் கம்பனிக்குச் சில உரிமைகள் கொடுத்தார், அவற்றைத் திரும்ப எடுக்க அரசி காசு கொடுத்தார் என்ற மாதிரி விளக்கம் சொன்னார். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எருமைக் கூட்டங்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டிருந்தன. பிள்ளைகளுக்குச் சாப்பாடு எப்படி என்ற கவலை எல்லாத் தலைவர்களுக்கும் இருந்தது. செப்ரெம்பர் 15ஆம் திகதி நான்காவது உடன்படிக்கை கையெழுத்தானது. ஆளுக்கு வருடம் 5 டொலர். அந்த 5 டொலர் இன்றைக்கும் 5 டொலராகவே கொடுக்கப்படுகிறது.

இணையம் கொன்றது, அமேசன் கொன்றது என்ற பேச்சு ஏன் எனக்குள் அடங்கவில்லை என்றால், இந்த ஏரிக்கரையை அது கடந்து போய்விடுகிறது. கம்பனியின் மரணத்தைப் பற்றிப் பேசும்போது அது எதை வைத்து வாழ்ந்தது என்று கேட்பதில்லை.

மீண்டும் காணிக்காரர்

கடைசி அத்தியாயம் 1863இன் மறுபதிப்பு. 2008இல் ஹட்சன் பேயை வாங்கியவர்கள் அமெரிக்காவின் கட்டடக் காணி முதலீட்டாளர்கள். அவர்களுடைய கண் கடைக்குள் இருந்த சாமானில் இல்லை, கடை நின்ற நிலத்திலும் வாடகை ஒப்பந்தங்களிலும் இருந்தது. 2011இல் செலர்ஸ் கடைகளின் குத்தகையை ரார்கெற் கம்பனிக்கு விற்க ஒப்புக்கொண்டார்கள், 180 கோடி டொலருக்கு. எங்கள் ஆட்கள் குளிருடுப்பு வாங்கிய கடையின் விலை அதற்குள் இருந்த சாமானில் இருக்கவில்லை, இடத்தில் இருந்தது. 2014இல் குயின் தெரு மாளிகையை 65 கோடி டொலருக்கு விற்று அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள். கடன் வாங்கி அமெரிக்காவில் சக்ஸ் கடைகளையும், ஜேர்மனியில் கௌஃப்ஹோஃப் கடைகளையும் வாங்கினார்கள். இங்கே மின்படிகள் பழுதாகி நின்றன. கூரையும் குளிரூட்டியும் திருத்தப்படாமல் கிடந்தன. தட்டுகளில் சாமான் குறைந்தது. ஒரு கடைக்காரன் கடையை இப்படி விடமாட்டான். 2025இல் கடன் 110 கோடி டொலர் அளவுக்கு வந்து நின்றது. 8,000க்கும் மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். கம்பனி அவர்களுக்குப் பணிநீக்கக் கொடுப்பனவு கொடுக்கவில்லை. இணையத்தையும் கொரோனாவையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அவை முதல் வரியில் வரக்கூடாது.

நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். கம்பனி தன் பழைய ஏடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் 1994இல் மனிற்றோபா ஆவணக் காப்பகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது. பூர்வகுடிகளின் குடும்பச் சரித்திரத்தைத் தேடுகிறவர்களுக்கு இன்றைக்கு அதைவிடப் பெரிய ஊற்று இல்லை. 2022 ஏப்ரிலில் வின்னிபெக் கடை மாளிகையைத் தெற்கு மனிற்றோபாவின் 34 முதற்குடிகளை அப்போது பிரதிநிதிப்படுத்திய தெற்குத் தலைவர்கள் அமைப்புக்குக் கையளித்தது. அன்றைய சடங்கில் பீவர் தோலும் எல்க் தோலும் கைமாறின. 1670 வாடகையை நினைவுபடுத்தும் செயல். ஆனால் அதற்கு முன்னரே மதிப்பீட்டாளர்கள் அந்தக் கட்டடத்தின் சந்தை விலை பூச்சியம் என்று எழுதிவிட்டார்கள். விலை இருந்த காலத்தில் கொடுத்திருந்தால் என் நெஞ்சு இன்னும் நிறைந்திருக்கும்.

கடைகள் பூட்டிய பிறகு மிச்சம் இருந்தவை விற்பனைக்கு வந்தன. பெயரையும் நான்கு நிறப் பட்டையையும் கனேடியன் ரயர் என்ற கடைக் கம்பனி 3 கோடி டொலருக்கு வாங்கியது. கடைசியில் அந்த ஐந்து தோல் ஏடுகளும் வந்தன, 1670இன் சாசனம். மனிற்றோபாவின் பூர்வகுடித் தலைவர்கள் சபை முதலே எதிர்ப்புத் தெரிவித்தது: எங்களைக் கேட்காமல் இவற்றை விற்காதீர்கள். கனடாவின் பெரும் செல்வக் குடும்பங்களான தொம்சன் குடும்பமும் வெஸ்ரன் குடும்பமும் சேர்ந்து 1 கோடி 80 இலட்சம் டொலர் கொடுத்துச் சாசனத்தை வாங்கி, நான்கு பொது நிறுவனங்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தன. மனிற்றோபா ஆவணக் காப்பகமும் மனிற்றோபா அருங்காட்சியகமும் அதில் உண்டு. நொன்சச் நிற்கும் அதே கட்டடத்துக்கும் சாசனம் வரும். தனியார் பெட்டகத்துக்குப் போகாமல் தப்பியதில் எனக்கு மனநிறைவு. ஆனால் அந்த 1 கோடி 80 இலட்சம் எங்கே போகும்? கடன் கொடுத்தவர்களுக்கு. பாஸ்க்வா கேட்ட கேள்வி இரண்டாம் முறையும் பொருந்துகிறது.

பாஸ்க்வாவும் ஓர் ஏடு விட்டுப் போயிருக்கிறார். உடன்படிக்கைப் பேச்சு எப்படி நடந்தது, என்னென்ன தருவதாகச் சொன்னார்கள், பிறகு வந்த வருடங்களில் உண்மையில் என்னென்ன வந்து சேர்ந்தது என்பதையெல்லாம் இரண்டு தாள்களில் படமாக வரைந்து வைத்தார். எழுதத் தெரிந்த அரசாங்கத்தின் கணக்குக்கு எதிரே தன் கணக்கு. அது ஓர் ஆங்கிலேயப் பயணியின் கையில் கடல் கடந்து போய், நூறு வருடத்துக்கு மேல் இங்கிலாந்தில் கிடந்தது. 2007இல் திரும்ப வாங்கப்பட்டு இப்போது ரெஜைனாவில் இருக்கிறது. சாசனத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சனத்துக்குக் காட்டும் யோசனை இருக்கிறது. நல்லது. பாஸ்க்வாவின் வழித்தோன்றல்கள் சம்மதித்தால் அந்த இரண்டு தாள்களும் அதன் பக்கத்தில் வர வேண்டும், 1869இன் விற்பனைப் பத்திரமும் கூடவே வர வேண்டும். ரொறன்ரோவுக்கு வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் போவேன். எட்மன்ரனுக்குப் போனால் அந்தத் தம்பிக்குச் சொல்லிவிடுவேன், உறுதியையும் கையோடு கொண்டுபோகச் சொல்லி.